முகாமைத்துவக் கல்லூரியின் நேர்முகப் பரீட்சை

கல்லூரியொன்றிற் சேர்வதற்குப் பரீட்சைப் புள்ளி ஒன்றே போதும் என்பது இந்நாட்டுப் பிள்ளைகள் இளமையிலிருந்தே கேட்டு வளரும் கொள்கை. உயர்தரப் பரீட்சையிற் பெற்ற புள்ளி பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிடுகின்றது. புள்ளி பெற்றவர் எத்தகையவர், இதுவரை என்ன செய்தார் என்று அவரை அழைத்துக் கேட்பார் அரியர். ஆதலின், பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் தொழில் பார்த்த பின்னர், வணிக நிர்வாக முதுமாணிப் படிப்பை நாடிப் பிறநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், 'தங்களை நேர்முகத்துக்கு அழைக்கின்றோம்' என்ற மடல் வந்தவுடன் மகிழ்ச்சியும் திகைப்பும் ஒருங்கே அடைகின்றார். பாடத்தைப் பற்றி எழுதத் தெரிந்த அவருக்குத் தம்மைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பேச்சுக்கு ஆயத்தமாவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சி மிகப் பழையதன்று. அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் வார்ட்டன் கல்லூரி 1881ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி 1908இல் எழுந்தது. பிரான்சு நாட்டின் இன்சியாட் நிறுவனம் 1957இலும், கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் 1961இலும் தோன்றின. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் 1986இல் அமைந்தது. எழுத்துப் பரீட்சையின் புள்ளியும் பட்டமும் கையில் இருக்கையில், இத்தகைய கல்லூரிகள் பல விண்ணப்பதாரியின் முகத்தையும் காண விரும்புவது ஏன்?

விடை அவற்றின் வகுப்பறையிலே கிடக்கின்றது. ஹாவாட் கல்லூரியில் ஆசிரியர் மேடையில் நின்று விரிவுரையாற்றுவது சிறுபான்மை. ஒரு நிறுவனம் உண்மையில் எதிர்ப்பட்ட சிக்கலைப் பல பக்கங்களில் எழுதி மாணவர் கையிற் கொடுத்துவிடுவர். முதல்நாளிரவு அதனைப் படித்துவரும் மாணவர், 'இந்த முகாமையாளர் இடத்தில் நீர் இருந்தால் யாது செய்வீர்?' என்ற வினாவுக்கு மறுநாள் வகுப்பில் விடையிறுத்துத் தம்முள் வாதிடுவர். ஒருவர் கற்பது ஆசிரியரிடமிருந்து மாத்திரமன்று, அருகிலிருப்பவரிடமிருந்துமே. வாய் திறவாதவரும், பிறர் வாயைத் திறக்கவிடாதவரும் அவ்வகுப்புக்குச் சுமையாவர். ஆகவே நேர்முகத்தில் கல்லூரி தேடுவது பேச்சு வன்மை படைத்தவரையன்று. தம் அனுபவத்தைத் தெளிவாகச் சொல்லவும் பிறர் அனுபவத்தைப் பொறுமையுடன் கேட்கவும் வல்லவரையே.

திருக்குறளில் 'அவையறிதல்' என்னும் அதிகாரம் முன்னும், 'அவையஞ்சாமை' என்னும் அதிகாரம் அதன் பின்னும் நிற்கின்றன. அவையை அறிந்துகொள்ளாதவனுக்கு அச்சம் நீங்காது என்பது அவ்வொழுங்கினின்றும் பெறப்படும் குறிப்பு. ஆயத்தத்தின் முதற்படியும் அதுவே. நேர்முகங்கள் யாவும் ஒருபடித்தானவையல்ல. ஹாவாட்டில் விண்ணப்பித்தோருள் தெரிவு செய்யப்பட்டவர்களுக்கே அழைப்புக் கிடைக்கும். நேர்காண்பவர் விண்ணப்பத்தை முழுமையாகப் படித்துவிட்டே வருவர். பேச்சு ஏறக்குறைய 30 நிமிடத்தில் முடிந்துவிடும். வார்ட்டனில் 2012ஆம் ஆண்டளவில் தொடங்கிய முறை வேறுவகையானது. ஐவர் அல்லது அறுவரை ஒருங்கிருத்தி, முன்கூட்டியே அறிவித்த பொருளொன்றைப் பற்றி 35 நிமிடம் கலந்துரையாட விட்டு, அவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வரும் விதத்தைப் பார்ப்பர். அதன் பின்னர் ஒவ்வொருவருடனும் தனித்துச் சிறிது பேசுவர். இன்சியாட்டிலோ முன்னர் அங்கு கற்றுத் தொழிலில் அமர்ந்த பழைய மாணவரே நேர்காணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

இவ்வேறுபாடு சிறிதன்று. விண்ணப்பத்தைப் படித்து வருபவரிடம் அதிலுள்ளதையே மீண்டும் ஒப்புவித்தால் அவர் சலிப்படைவர். எழுதியதற்கு அடியிலுள்ளதையே அவர் தோண்டிக் கேட்பர். வேறு சில கல்லூரிகளில் நேர்காண்பவர் கையில் ஒரு பக்கத் தொழிற்குறிப்பு மாத்திரம் இருக்கும்; அவரிடம் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லல் வேண்டும். தம்மை அழைத்த கல்லூரியின் முறை எது என்பதை அதன் அறிவித்தல்களைப் படித்து ஐயமற அறிந்துகொள்வது விண்ணப்பதாரியின் கடமை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே கணினித் திரையினூடாக நேர்காணும் வழக்கம் பரவிற்று. இலங்கையிலிருந்து விண்ணப்பிப்போருக்கு இது பயணச் செலவை மீதப்படுத்தும் நன்மை. ஆயினும் நேரக் கணக்கில் ஏமாறுதல் கூடாது. பொஸ்டன், பிலதெல்பியா நகரங்களில் குளிர்காலத்துக் காலை 10 மணி என்பது இலங்கையில் இரவு 8.30 மணி. அந்நாட்டவர் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கோடைப் பருவத்தில் அதே காலை 10 மணி இங்கு இரவு 7.30 ஆகும். அந்த மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறன்று முடிவுறுவதால், அவ்வாரத்தில் நேர்முகம் உடையவர் இருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. மின்சாரம் தடைப்பட்டால் என் செய்வது, இணைப்பு அறுந்தால் எவ்விலக்கத்துக்கு அறிவிப்பது என்பவற்றையும் முதல்நாளே ஒழுங்கு செய்துகொள்ளல் வேண்டும்.

இவை வெளி ஆயத்தம். உள் ஆயத்தம் வினாக்களைப் பற்றியது. கல்லூரி எதுவாயினும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்படிப்பு எதற்கு, இக்கல்லூரி எதற்கு, இப்பொழுது எதற்கு என்பன முதலாவது. இதுவரை நீர் செய்தது யாது என்பது இரண்டாவது. பிறரோடு கூடிச் செய்கையில், முரண்பாடு வந்தபோதும் தோல்வி வந்தபோதும் நீர் நடந்துகொண்டது எவ்வாறு என்பது மூன்றாவது. இம்மூன்றுள் பின்னைய இரண்டுமே விண்ணப்பதாரிகளைத் தடுமாற வைப்பவை. 'நான் கடும் உழைப்பாளி', 'எனக்குத் தலைமைத்துவப் பண்பு உண்டு' என்னும் பொதுச் சொற்கள் நாவுக்கு எளிதில் வருகின்றன. அவற்றுக்குச் சான்றான நிகழ்ச்சி வருவதில்லை.

பொதுச் சொல் எத்துணைப் பயனற்றது என்பதனை அமெரிக்க விமானப்படையின் அனுபவம் ஒன்று விளக்கும். 1941ஆம் ஆண்டில் விமானமோட்டும் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்ட 1,000 பேரைப் பற்றி அவர்தம் பயிற்றுநர் கூறிய காரணங்களை உளவியலறிஞர் ஜோன் பிளனகனும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். 'பொருந்தாத சுபாவம்', 'பறக்கும் இயல்பில்லை', 'தீர்மானிக்கும் திறன் குறைவு' என்ற வகையான தேய்ந்த சொற்களே அவற்றுட் பலவாக இருந்தன. அவற்றைக் கொண்டு அடுத்த ஆளை எப்படித் தெரிவது, எப்படிப் பயிற்றுவது என்று எவரும் அறிய முடியவில்லை. ஆகவே, குறித்த ஒரு வேளையில் அந்த மனிதர் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்று நிகழ்ச்சிகளைத் திரட்டும் முறையொன்றைப் பிளனகன் வளர்த்தெடுத்தார். 1954இல் அதனை விரிவாக எழுதி வெளியிட்டார். 'அப்படி நடந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லும்' என்று இன்றைய நேர்காண்பவர் கேட்கும் வினா அவ்வழியிலே வந்தது எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோர்க்கு இது தெளிவாகும். வடபகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலே நான்கு ஆண்டுகள் உதவி முகாமையாளராக இருந்த இளைஞர் ஒருவர் விண்ணப்பிக்கின்றார் என்க. 'சங்கக்கடைகளின் அரிசி நட்டத்தைக் குறைத்தேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கின்றார். நேர்காண்பவர் அவ்வரியிலே விரலை வைக்கின்றார். நட்டம் எவ்வளவு? அதனை முதலிற் கண்டவர் யார்? காரணம் என்னவென்று எப்படி அறிந்தீர்? எவர் மறுத்தார்? மறுத்தவரிடம் என்ன பேசினீர்? ஐந்து வினாவுக்குள், அந்த வரி உயிருள்ளதா வெறும் சொல்லா என்பது புலனாகிவிடும்.

அவ்விளைஞர் தம் நினைவைத் துருவிப் பார்த்தால் நடந்தது இதுவாக இருக்கும். பேரேட்டிலுள்ள தொகைக்கும் பண்டசாலையிலுள்ள இருப்புக்கும் மாதந்தோறும் வேறுபாடு கண்டது. களவென்றே மேலிடத்தில் ஐயுற்றனர். இளைஞர் இரண்டு வாரம் விடியற்காலையிலே லொறி வரும் வேளையிற் சென்று நின்றார். 50 கிலோ என்று எழுதப்பட்ட மூடைகளுட் சில 48 கிலோவே நிறுத்தன. இறக்கும்பொழுது நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எப்பொழுதோ கைவிடப்பட்டிருந்தது. புதிய மூடைகள் முன்னே அடுக்கப்பட்டு முதலில் விலைப்பட, பழையவை பின்னே கிடந்து ஈரத்திற் பழுதாயின. இருபது ஆண்டு சேவையுடைய பண்டசாலைக் காப்பாளரோ தம்மீது பழி வருகின்றதென்று மனம் நொந்து பேசாதிருந்தார். பின்னொரு நாள் அவரே வாய் திறந்து, 'தம்பி, நிலத்திலே பலகை போட வேணுமெண்டு நான் சொல்லி மூன்று மாரி போட்டுது, ஆர் கேட்டது?' என்றார். நிறுத்தலைத் திரும்பத் தொடங்கியதும் பழையதை முன்னே அடுக்கச் செய்ததும் இளைஞர். பலகை போடும் யோசனை காப்பாளருடையது. அதற்குப் பணம் ஒதுக்க இயக்குநர் சபையை இணங்கச் செய்தது இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பக்க அறிக்கை.

இந்த விவரம் முழுவதும் உள்ளபடி சொல்லப்படுமானால் வேறு புகழுரை தேவையில்லை. கணக்கைக் கண்ணால் மாத்திரம் பாராது களத்துக்குச் சென்றவர், வயதில் மூத்தவரின் மௌனத்துக்குக் காரணம் தேடியவர், அவருடைய யோசனையை அவர் பெயராலேயே மேலிடத்துக்குக் கொண்டு சென்றவர் என்பன கேட்பவர் மனத்திலே தாமாகவே பதியும். வார்ட்டனின் கலந்துரையாடலிற் காணப்படுவதும் இக்குணமே. அருகிலிருப்பவர் சொன்ன நல்ல கருத்தை, 'இவர் சற்று முன் கூறியவாறு' என்று எடுத்து வளர்ப்பவர், மூன்று முறை தம் கருத்தையே உரக்கச் சொல்பவரிலும் மேலாக மதிக்கப்படுவர்.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனியானதொரு சங்கடம் உண்டு. தன்னைத் தானே புகழ்தல் இழிவென்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள், 'நான்' என்று சொல்லக் கூசி, எதற்கும் 'நாங்கள் செய்தோம்' என்று விடையிறுப்பர். நேர்காண்பவருக்கோ அந்த 'நாங்கள்' என்பதனுள் இவர் எங்கே நிற்கின்றார் என்பது தெரியாது. இச்சங்கடத்தை உணர்ந்த சிலர் மறுகரைக்குத் தாவி, எல்லாவற்றையும் 'நானே செய்தேன்' என்பர். முன்னது அடக்கம் போன்றும் பின்னது துணிவு போன்றும் தோன்றினும், இரண்டிலும் உண்மை குறைகின்றது. காப்பாளரின் பலகையைத் தம்முடையதாக்குவது பொய். தாம் நின்று நிறுத்த மூடைகளை எல்லோருடையதுமாக்குவதும் நிறைவான உண்மையன்று. தம் கைப்பட்டது இது, பிறர் கைப்பட்டது இது என்று பிரித்துச் சொல்லுதல் தற்புகழ்ச்சியாகாது; அது சரியான கணக்கு.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்கு ஒரு கொப்பியும் பத்து மாலைப் பொழுதும் போதும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டு வாரியாக நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டு வரல் வேண்டும். எட்டு அல்லது பத்து நிகழ்ச்சி அமையும். ஒவ்வொன்றின் கீழும், எப்பொழுது நடந்தது, எவரெவர் இருந்தனர், சிக்கல் யாது, தாம் சொன்னதும் செய்ததும் எவை, பிறர் செய்தது எது, முடிவு என்ன, பின்னர் மாற்றிக்கொண்டது என்ன என்று குறித்தல் வேண்டும். தொகைகளை நினைவிலிருந்து எழுதாமல் பழைய பேரேட்டையோ அறிக்கையையோ பார்த்துச் சரிசெய்தல் நன்று. அதன் பின்னர் தாம் அனுப்பிய விண்ணப்பத்தை அயலார் ஒருவரின் கண்கொண்டு வரிக்கு வரி படித்து, 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று தம்மையே வினவுதல் வேண்டும்.

தோல்வியைப் பற்றிய நிகழ்ச்சியும் அக்கொப்பியில் இடம்பெறல் அவசியம். 'உமது குறை யாது?' என்று கேட்கும்பொழுது, 'அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை' என்று மறுமொழி கூறுவோர் உளர். அது குறையின் வேடமிட்ட புகழ்ச்சி என்பது கேட்பவருக்குத் தெரியும். அவ்விளைஞர், முதல் மாதத்திலே களவென்ற ஐயத்தைத் தாமும் நம்பிக் காப்பாளரிடம் கடுமையாகப் பேசியிருப்பாராயின், அதனைச் சொல்லி, பின்னர் அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்ததையும், அதன் பிறகு நிறுத்துப் பாராமல் எவரையும் குறை கூறாத வழக்கத்தைக் கைக்கொண்டதையும் சொல்லலாம். தவறு செய்யாதவரை எந்தக் கல்லூரியும் தேடுவதில்லை. தவற்றினின்றும் கற்றவரைத் தேடுகின்றது.

எழுதியதை மனனம் செய்தல் ஆகாது. பழைய வினாத்தாளையும் மாதிரி விடையையும் நெட்டுருச் செய்து பரீட்சை எழுதிப் பழகியவர்க்கு இது கடினமான அறிவுரை. மனனம் செய்த விடை, வினா சற்றே திரும்பியவுடன் அறுந்துவிடும். ஒரு சொல் மறந்தால் அடுத்த சொல்லும் வாராது. நிகழ்ச்சியை அறிந்தவரோ எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்வர். ஆதலின் கொப்பியை மூடிவைத்துவிட்டு உரக்கப் பேசிப் பழகல் வேண்டும். தொழிலை அறிந்த நண்பர் ஒருவரிடமும், அதனைச் சிறிதும் அறியாத உறவினர் ஒருவரிடமும் பேசிப் பார்த்தல் மிக்க பயன் தரும். முன்னவர் பிழையைப் பிடிப்பர். பின்னவர் விளங்காத இடத்தைக் காட்டுவர். ஒரு நிகழ்ச்சி இரண்டு நிமிடத்துக்குள் முடிதல் நலம். மேலும் வேண்டுமாயின் அவரே கேட்பர்.

ஆங்கிலத்துக்கு அஞ்சுவோருக்கும் இதுவே மருந்து. தமிழ்மொழி மூலம் கற்று வந்தவர், அலங்காரமான தொடர்களைத் தேடுவதாலேயே பெரும்பாலும் இடறுகின்றார். மூடை, நிறை, பலகை, மழை என்ற பொருட்களைப் பற்றிப் பேசுவதற்குச் சிறிய வாக்கியங்கள் போதும். வினா விளங்காவிடில் மீண்டும் சொல்லும்படி கேட்டல் குற்றமன்று. சிந்திப்பதற்குச் சிறிது அவகாசம் கேட்டு, சில கணம் மௌனமாக இருந்து, பின்னர் பேசுதலும் குற்றமன்று. அவசரப்பட்டுப் பேசிய பத்து வாக்கியத்திலும், ஆறுதலாகச் சொன்ன மூன்று வாக்கியம் கேட்பவர் மனத்தில் நிற்கும்.

இக்காலத்தில் பணம் பெற்று விடை எழுதிக் கொடுப்போரும் உளர். கேட்டவுடன் விடை எழுதித் தரும் கணினிச் செய்நிரல்களும் உள. வினாக்களைக் கேட்டுப் பழகுவதற்கு அவற்றைத் துணைக்கொள்வதிலே தீங்கில்லை. தமக்கு நிகழாததைத் தமக்கு நிகழ்ந்ததாக எழுதி வாங்குவதிலேதான் தீங்கு. அழகாக இரவல் பெற்ற கதை முதலாவது வினாவைத் தாங்கும்; 'அந்தக் காப்பாளர் அப்பொழுது என்ன சொன்னார்?' என்ற நான்காவது வினாவைத் தாங்காது. தாங்கினாலுங்கூட, தாம் அல்லாத ஒருவருக்குக் கிடைத்த இடத்திலே போய் அமர்ந்திருப்பவரின் நிலை இரங்கத்தக்கது.

நேர்முகம் பிழையற்ற தராசு என்றும் எவரும் கருதவேண்டியதில்லை. ஒருவரிடம் ஒரு நற்பண்பைக் கண்டவுடன் ஏனைய பண்புகளும் உண்டென்று எண்ணிவிடும் மனித இயல்பை, படையதிகாரிகள் இட்ட மதிப்பீடுகளைக் கொண்டு எட்வேட் தோண்டைக் என்னும் அறிஞர் 1920இலேயே காட்டினார். உத்தியோகத் தெரிவு பற்றிய ஆய்வுகளை மீண்டும் நிறுத்துப் பார்த்துப் போல் சக்கெற் முதலானோர் 2022இல் வெளியிட்ட கட்டுரையும், எல்லோரிடமும் ஒரே ஒழுங்கில் ஒரே வினாக்களைக் கேட்கும் நேர்முகமே மனம்போன போக்கிற் பேசும் நேர்முகத்திலும் நம்பத்தக்கதென்று கூறுகின்றது. ஆகவே இடம் கிடையாதவர் தகுதியற்றவர் என்ற முடிவு பொருந்தாது. அரைமணி நேரத்தில் ஒரு மனிதரை முழுமையாக அறிதல் எவர்க்கும் இயலாத காரியம்.

ஆயினும் ஆயத்தம் வீணாவதில்லை. தம் ஆண்டுகளைத் திருப்பிப் பார்த்து, செய்ததையும் செய்யத் தவறியதையும், துணை நின்றவர்களையும் உண்மையோடு எழுதிவைத்த அந்தக் கொப்பி, கல்லூரி ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அவருடையதே. மறுநாட் காலையில் அவர் தம் பண்டசாலைக்குச் செல்லும்பொழுது, அங்கு நடப்பவற்றை முன்னையிலும் கூர்ந்து நோக்குவர். அங்குள்ளவர்களின் பங்கை முன்னையிலும் நேர்மையாக மதிப்பர். முகாமைத்துவம் என்ற கல்வியின் முதற்பாடம் அதுவேயாகும். அதனைக் கற்பதற்கு எந்தக் கல்லூரியின் அனுமதியும் வேண்டுவதில்லை.